டைவிங், ரெஃப்ரி தப்பு, வார் (வீடியோ ரெஃப்ரி) குழப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுட்பால் பாக்குற எந்த க்ரூப்பா இருந்தாலும் மேட்ச் முடிஞ்ச உடனே இதே சண்டைதான், அவன் நடிச்சான், ரெஃப்ரிக்கு கண்ணு தெரியல, எல்லாம் ஃபிக்ஸிங். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்கு, அதனால எல்லாத்தையும் சேத்து இங்க எழுதி வச்சிருக்கேன். கேள்விகள கேட்டவங்க பாஷையிலயே விட்டிருக்கேன். பதில்ல என் கருத்தும் இருக்கும், ஆனா எது சட்டம் எது என் கருத்துன்னு பிரிச்சே சொல்றேன்.

கீழ விழுந்தாலே டைவிங்கா? எதத்தான் டைவிங்னு சொல்றீங்க?

விழுறது குத்தமே இல்லங்க. முழு வேகத்துல ஓடும்போது கால் தடுக்கும், புல்லு வழுக்கும், டேக்கிள் வர்றத பாத்து கால் உடையாம இருக்கணும்னு குதிச்சு விழுவாங்க, இதுக்கெல்லாம் கார்டு கிடையாது. ஃபவுலே நடக்காம நடந்த மாதிரி காட்டுறது, அடியே படாம அடிபட்ட மாதிரி உருள்றது, அதாவது ரெஃப்ரிய ஏமாத்தணும்னு பண்றதுதான் டைவிங். ஆட்ட விதிகள் மொத்தம் 17, அதுல 12-வது விதியில இது வருது, தண்டனை மஞ்ச கார்டு, எதிர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்).

ரெண்டாவது வகைக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் 2002 உலகக் கோப்பைல ரிவால்டோ. பிரேசில் துருக்கி மேட்ச், கடைசி நேரம், கார்னர் எடுக்க நின்னுட்டு இருந்தவர் மேல ஹக்கான் உன்சால் கோவத்துல பந்த உதைச்சாரு. பந்து பட்டது கால்ல, ரிவால்டோ பிடிச்சது மூஞ்சிய. உன்சாலுக்கு ரெண்டாவது மஞ்ச கார்டு, வெளிய போயிட்டாரு. பந்த உதைச்சது உன்சால் தப்புதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா ரிவால்டோ பண்ணது அதவிட கேவலம். ஃபிஃபா அவருக்கு அபராதம் மட்டும் போட்டுச்சு, தடை இல்ல, அந்த வருஷம் கப்பையும் பிரேசில்தான் தூக்குச்சு.

ப்ரோ, டச் இருந்துச்சுல்ல? டச் இருந்தா ஃபவுல்தானே?

இல்ல. இதுதான் எனக்கு அதிகமா வர்ற கேள்வி. ஃபுட்பால்ல உடம்பு உடம்புல மோதுறது ஆட்டத்தோட ஒரு பகுதி. மோதல் கவனக்குறைவா இருந்தா ஃபவுல், எதிராளிக்கு என்ன ஆகும்னு கவலைப்படாம முரட்டுத்தனமா இருந்தா மஞ்ச கார்டு, தேவைக்கு மீறின பலத்தோட ஆபத்தா இருந்தா சிவப்பு. இந்த மூணுல எதுலயும் வராத டச், வெறும் டச்தான், ஆட்டம் ஓடணும்.

டிவில கமென்ட்ரி பண்றவங்களே 'டச் இருக்கு, அதனால விழ அவருக்கு உரிமை இருக்கு'ன்னு சொல்லி சொல்லி ஜனங்க மனசுல இது பதிஞ்சு போச்சு. சட்டத்துல அப்படி ஒரு உரிமையே இல்ல. லேசா தோள்ல கை பட்டதுக்கு புல்லட் பாஞ்ச மாதிரி விழுந்தா, டச் இருந்தாலும் அது ஏமாத்துதான்.

மஞ்ச கார்டு போதுமா? நேரா சிவப்பு கொடுத்தா எவன் விழுவான்?

கேக்க நல்லாருக்கு. ஆனா ரெஃப்ரிக்கு சந்தேகம் இருக்கும்போது பெரிய தண்டனைய கையில கொடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும், ஒண்ணு கொடுக்கவே பயப்படுவாரு, இல்ல நிஜமா அடிபட்டவன வெளிய அனுப்பிடுவாரு. 2002-லயே இத்தாலி தென் கொரியா மேட்ச்ல எக்ஸ்ட்ரா டைம்ல பெனால்டி பாக்ஸுக்குள்ள இத்தாலி வீரர் டோட்டி விழுந்தாரு, ரெஃப்ரி பைரன் மொரேனோ டைவிங்னு ரெண்டாவது மஞ்ச கார்டு காட்டி அனுப்பிட்டாரு. ரீப்ளேல காலு மோதுறது தெரியும், பெனால்டி வேணா இல்லன்னு வாதாடலாம், ஆனா நடிப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இத்தாலி பத்து பேரோட ஆடி கோல்டன் கோல்ல (எக்ஸ்ட்ரா டைம்ல முதல் கோல் போட்டவங்க அப்பவே ஜெயிச்சாங்கங்கிற பழைய முறை) தோத்துச்சு, 20 வருஷம் தாண்டியும் இத்தாலிக்காரங்க அத விடல.

நடிப்பு எல்லை மீறினா பெரிய தண்டனையும் உண்டு. 1989 செப்டம்பர்ல மரக்கானா ஸ்டேடியத்துல பிரேசில் சிலி தகுதிச்சுற்று மேட்ச், கூட்டத்துல இருந்து ஒரு வெடி மைதானத்துல விழுந்துச்சு, சிலி கீப்பர் ராபர்ட்டோ ரோஹாஸ் தலையெல்லாம் ரத்தத்தோட கிடந்தாரு, சிலி டீம் மேட்ச விட்டுட்டு போயிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது வெடி அவர் மேல படவே இல்ல, க்ளவுஸ்ல பிளேடு மறைச்சு வச்சு தானே கிழிச்சுக்கிட்டாரு. அவருக்கு வாழ்நாள் தடை (2001-ல நீக்கினாங்க), சிலிக்கு 1994 உலகக் கோப்பை தகுதிச்சுற்றுலயே இடம் இல்ல.

வீட்ல சோஃபால உக்காந்திருக்க எனக்கே தெரியுது, பத்தடி தள்ளி நிக்கிற ரெஃப்ரிக்கு தெரியாதா?

உங்களுக்கு தெரிஞ்சது ஆறாவது ரீப்ளேல. அவருக்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கோணம், அதுவும் ஓடிக்கிட்டே, நடுவுல நாலு பேர் குறுக்க போறாங்க. 2010 உலகக் கோப்பை ஃபைனல்ல நைஜல் டி யோங் தன் பூட்ஸால சாபி அலோன்சோ நெஞ்சுலயே உதைச்சாரு, ரெஃப்ரி ஹோவர்ட் வெப் கொடுத்தது வெறும் மஞ்ச கார்டு. தன்னோட பார்வை மறைஞ்சிருந்துச்சு, அது சிவப்பு கார்டுக்கான ஃபவுல்தான்னு அவரே பின்னாடி சொன்னாரு. அப்போ உலகத்துலயே முன்னணி ரெஃப்ரி அவர்.

லைன்ஸ்மேன், அதாவது கோட்டோரம் கொடியோட ஓடுற உதவி ரெஃப்ரி, அவர் நிலைமை இன்னும் மோசம். சக ஆள் பந்த உதைக்கிற நொடியில எதிர் டீமோட கடைசிக்கு முந்தின ஆளையும் பந்தையும் தாண்டி கோல் பக்கம் நிக்கிறதுதான் ஆஃப்சைடு, அத சரியா சொல்லணும்னா அந்த கடைசிக்கு முந்தின ஆளுக்கு நேர் கோட்டுல நிக்கணும், ஒரு மீட்டர் முன்ன பின்ன ஆனா கூட கோணம் மாறி, தூரத்துல ஓடுறவன் ஆஃப்சைடு மாதிரி தெரிவான். பந்து உதைக்கிற இடம் ஒரு பக்கம், ஓடுறவன் ஒரு பக்கம், ரெண்டையும் ஒரே நொடியில பாக்கணும். மனுஷ கண்ணுக்கு அது முடியாது, முடியிற வரைக்கும் நல்லாதான் பண்றாங்க.

நிஜமா விழுறவனையும் நடிக்கிறவனையும் எப்படி கண்டுபிடிக்கிறது?

கைய பாருங்க. இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துல பால் மாரிஸ்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் இத பத்தி ஆராய்ச்சி பண்ணிருக்காரு. நிஜமா தடுக்கி விழுறவன் கை தன்னால தரைக்கு போகும், மூஞ்சிய காப்பாத்தணும்ல. நடிக்கிறவன் நெஞ்ச முன்னாடி தள்ளி, தல பின்னாடி போக, ரெண்டு கையும் மேல தூக்கி, கால மடக்கி விழுவான், உடம்பு வில்லு மாதிரி வளையும். நிஜமா விழுற எவனும் அப்படி விழ மாட்டான்.

அடுத்தது நேரம். அடி பட்டதுக்கும் விழுறதுக்கும் நடுவுல ஒரு கேப் இருந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் அடி பட்ட இடம் ஒண்ணு, பிடிச்சுக்கிற இடம் இன்னொண்ணு, மேல சொன்ன ரிவால்டோ கதை. உருண்டுக்கிட்டே ரெஃப்ரி பக்கம் ஒரு கண்ணு போகுதான்னும் பாருங்க. இத்தனையும் பாத்தாலும் சில சமயம் தப்பாகும், நிஜ வலியிலயும் சில பேர் விசித்திரமாதான் விழுவாங்க.

வார் வந்தாச்சே, அப்புறமும் ஏன் இவ்ளோ தப்பு?

வீடியோ ரெஃப்ரி, அதான் எல்லாரும் வார்னு சொல்றது, 2018-ல சட்டத்துல சேத்தப்போ நாலு விஷயத்துக்கு மட்டும்தான் அனுமதிச்சாங்க. கோல், பெனால்டி, நேரடி சிவப்பு கார்டு, ஆள் மாறி கார்டு கொடுத்தது. அதுலயும் மைதான முடிவு அப்பட்டமா தப்புன்னு தெரிஞ்சாதான் தலையிடணும், ஐம்பதுக்கு ஐம்பது கேஸ்ல ரெஃப்ரி சொன்னதே நிக்கும். அதனால 'வார் பாத்துட்டு விட்டுட்டான்'னா வார் அத ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல.

டைவிங்க பொறுத்தவரை ஒரு நல்லது நடந்திருக்கு. 2018 உலகக் கோப்பைல கோஸ்டா ரிகா மேட்ச்ல நெய்மர் பின்னாடி சாஞ்சு விழுந்தாரு, ரெஃப்ரி பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தாரு, ஸ்க்ரீன்ல பாத்துட்டு ரத்து பண்ணாரு. வார் இல்லாத காலத்துல அது கண்டிப்பா பெனால்டிதான். ஆனா நடு மைதானத்துல ஒருத்தன் நடிச்சு ஃப்ரீ கிக் வாங்கினா வார் வாயே திறக்க முடியாது, அது அந்த நாலுல வரல.

ஆனா கோடு போட்டு பாத்தும் லிவர்பூல் கோல தூக்கினாங்களே, அது என்ன கணக்கு?

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மேட்ச், லூயிஸ் டியாஸ் கோல். இதுல ஆஃப்சைடு பாக்க போட்ட கோடு சரியா இருந்துச்சு, ஆன்சைடுன்னு வார் ரூம்ல சரியாவே பாத்தாங்க. மைதானத்துல லைன்ஸ்மேன் ஆஃப்சைடுன்னு கொடி தூக்கினத வார் ரெஃப்ரியா இருந்த டேரன் இங்கிலாந்துங்கிறவர் கவனிக்கல, கோல் கொடுத்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு 'செக் முடிஞ்சது'ன்னு சொல்லிட்டாரு. மைதானத்துல அத ஆஃப்சைடு உறுதின்னு எடுத்துக்கிட்டு ஆட்டத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்சா திரும்பி போக சட்டம் விடாது. அந்த ரூம்ல பேசின ஆடியோ பின்னாடி வெளிய வந்துச்சு, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு ஒருத்தர் கதறுறது கேக்கும், கேட்டா வயிறு கலங்கும். லிவர்பூல் கடைசி நிமிஷ ஓன் கோல்ல 2-1ன்னு தோத்துச்சு.

டெக்னாலஜி சரி, பேச்சு தப்பு. 2022 உலகக் கோப்பைல ஆஃப்சைடுக்கு 12 கேமரா, ஒவ்வொரு ஆள் உடம்புலயும் 29 புள்ளி, நொடிக்கு 50 தடவை கணக்குன்னு கொண்டு வந்தாங்க, அது கோட்டுப் பிரச்சனைய தீர்க்கும், ரெண்டு மனுஷங்க ஒருத்தர ஒருத்தர் தப்பா புரிஞ்சுக்கிறத தீர்க்காது.

கோல் லைன் டெக்னாலஜியாவது நூறு சதவீதம் கரெக்ட்டா?

கிட்டத்தட்ட. பந்து கோல் கோட்ட தாண்டிச்சான்னு கேமரா பாத்து ரெஃப்ரி வாட்ச்சுக்கு சிக்னல் அனுப்புறதுதான் இது. 2010-ல ஜெர்மனிக்கு எதிரா இங்கிலாந்து வீரர் லாம்பார்ட் அடிச்ச பந்து பாருல பட்டு கோட்டுக்கு நல்லா உள்ள விழுந்துச்சு, கோல் கொடுக்கல, அந்த அவமானத்துலதான் 2012-ல இந்த டெக்னாலஜிக்கு அனுமதி கிடைச்சுது. ஆனா 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா ஷெஃபீல்டு யுனைடெட் மேட்ச்ல வில்லா கீப்பர் பந்தோட கோட்ட தாண்டி உள்ள போயிட்டாரு, ரெஃப்ரி வாட்ச்ல சிக்னல் வரல. ஆளுங்க மறைச்சதால கேமராக்களுக்கு பந்து தெரியல, அந்த கம்பெனியே மன்னிப்பு கேட்டுச்சு. மேட்ச் 0-0. சீசன் முடிவுல வில்லா ஒரே ஒரு பாயின்ட்ல தப்பிச்சுது, போர்ன்மத் கீழ் டிவிஷனுக்கு போச்சு. போர்ன்மத் ரசிகன் இடத்துல இருந்து யோசிச்சு பாருங்க.

தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்டா மேட்ச திரும்ப வைக்க வேண்டியதுதானே?

மாட்டாங்க. 5-வது விதிப்படி ஆட்டத்துல நடந்த விஷயத்த பத்தின ரெஃப்ரி முடிவு இறுதியானது. கண்ணால பாத்தது தப்பா போறது வேற, சட்டத்தையே தப்பா பயன்படுத்துறது வேற. ரெண்டாவது நடந்தா மேட்ச் திரும்ப நடக்க வாய்ப்பு இருக்கு.

2005 செப்டம்பர், உஸ்பெகிஸ்தான் பஹ்ரைன் உலகக் கோப்பை தகுதிச்சுற்று. உஸ்பெகிஸ்தான் பெனால்டி அடிச்சு கோலும் ஆச்சு, ஆனா அவங்க ஆள் ஒருத்தன் முன்னாடியே பாக்ஸுக்குள்ள ஓடிட்டான். அப்போதைய சட்டப்படி பெனால்டிய திரும்ப அடிக்கணும், ஜப்பான் ரெஃப்ரி பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துட்டாரு. உஸ்பெகிஸ்தான் 1-0ன்னு ஜெயிச்சும் புகார் பண்ணுச்சு, ஃபிஃபா மேட்ச ரத்து பண்ணி திரும்ப வச்சுது, அது 1-1, அடுத்த மேட்ச் 0-0, வெளியூர் கோல் கணக்குல (மொத்தம் சமமா இருந்தா எதிராளி ஊர்ல அதிக கோல் போட்ட டீம் ஜெயிக்கும்) பஹ்ரைன் மேல போயிடுச்சு. ஜெயிச்ச டீம் புகார் கொடுத்து வெளிய போன கதை இது.

2024-ல கத்தார் நம்ம இந்தியாவ ஏமாத்துச்சே, அதுக்கு ஏன் நியாயம் கிடைக்கல?

2024 ஜூன் 11, தோஹா. சாங்தே கோல்ல இந்தியா 1-0ன்னு முன்னாடி இருந்துச்சு, ஜெயிச்சா உலகக் கோப்பை தகுதிச்சுற்றோட மூணாவது ரவுண்டுக்கு முதல் தடவையா போயிருப்போம். 73-வது நிமிஷத்துல நம்ம கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து கோல்போஸ்ட்டுக்கு பக்கத்துல எல்லைக்கோட்ட முழுசா தாண்டிடுச்சு, கத்தார் ஆள் அத உள்ள இழுத்தான், யூசுஃப் அய்மன் கோல் போட்டான். நம்மாளுங்க ஆட்டத்த நிறுத்திட்டு நின்னாங்க, ரெஃப்ரி கோல் கொடுத்துட்டாரு. அந்த சுற்றுல வார் இல்ல. முடிவு 2-1.

எனக்கு இன்னும் ஆறல. ஆனா மேல சொன்ன பதில்படி பந்து வெளிய போச்சா இல்லையாங்கிறது கண்ணால பாத்த முடிவு, சட்டத்த தப்பா பயன்படுத்தினது இல்ல, அதனால ஏஐஎஃப்எஃப் (இந்திய ஃபுட்பால் சங்கம்) புகார் கொடுத்தும் ரிசல்ட் மாறல. இதுல கோவப்பட வேண்டியது அவ்ளோ முக்கியமான சுற்றுல வார் வைக்காதவங்க மேல. இன்னொண்ணு, விசில் வராம ஆட்டத்த நிறுத்தக் கூடாது, இத நம்ம டிஃபென்ஸுக்கும் சொல்லணும்.

தப்பு முடிவு வந்தா கேரளா ப்ளாஸ்டர்ஸ் மாதிரி மைதானத்த விட்டு போறது சரிதானே?

2023 மார்ச் 3, ஐஎஸ்எல் ப்ளேஆஃப், எக்ஸ்ட்ரா டைம்ல எதிர் டீம் பெங்களூரு வீரர் சேத்ரி, ப்ளாஸ்டர்ஸ் தயாராகுறதுக்கு முன்னாடியே ஃப்ரீ கிக் அடிச்சு கோல் போட்டாரு. ப்ளாஸ்டர்ஸ் கோச் வுகொமனோவிச் டீம கூட்டிக்கிட்டு போயிட்டாரு. சட்டப்படி ஃப்ரீ கிக்க உடனே அடிக்கலாம், ரெஃப்ரி விசிலுக்கு வெயிட் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தாதான் காத்திருக்கணும். அவர் சொன்னாரா இல்லையான்னுதான் மொத்த சண்டையும்.

கோவம் புரியுது, ஆனா போனது தப்பு. மேட்ச் போச்சு, க்ளப்புக்கு 4 கோடி ரூபா அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. மிச்சம் இருந்த நேரத்துல ஒரு கோல் போட்டிருக்கலாம், அந்த வாய்ப்ப அவங்களே விட்டுட்டாங்க.

இந்த ரெஃப்ரிங்க எல்லாம் காசு வாங்கிட்டுதான் பண்றாங்க, ஒத்துக்கோங்க.

சில பேர் வாங்கினது உண்மை. ஜெர்மனில ரெஃப்ரி ராபர்ட் ஹாய்ஸர் சூதாட்டக் கும்பல்கிட்ட பணம் வாங்கிட்டு மேட்ச மாத்தினாரு, 2005-ல மாட்டி ஜெயிலுக்கு போனாரு. 2016 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா செனகல் மேட்ச்ல கானா ரெஃப்ரி ஜோசஃப் லாம்ப்டே, செனகல் வீரர் கூலிபாலியோட முட்டியில பட்ட பந்துக்கு கைன்னு பெனால்டி கொடுத்தாரு. ஃபிஃபா விசாரிச்சு அவருக்கு வாழ்நாள் தடை போட்டுச்சு, மேட்ச ஒரு வருஷம் கழிச்சு திரும்ப நடத்துச்சு, செனகல் ஜெயிச்சு 2018 உலகக் கோப்பைக்கே போச்சு. மேட்ச திரும்ப வைக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு இது ஒரு விலக்கு.

ஆனா நம்ம டீம் தோத்த ஒவ்வொரு மேட்சும் ஃபிக்ஸிங்னு சொல்றதுக்கு விலை இருக்கு. 2005-ல பார்சிலோனா செல்சி மேட்ச்சுக்கு அப்புறம் கொலை மிரட்டல் வந்து ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க் ரெஃப்ரி வேலையையே விட்டாரு. 2023 டிசம்பர்ல துருக்கில ஒரு க்ளப் தலைவர் மைதானத்துக்குள்ள இறங்கி ரெஃப்ரி ஹலில் உமுத் மெலர மூஞ்சிலயே குத்தினாரு, கீழ விழுந்தவர உதைச்சாங்க. ஆதாரம் இருந்தா பேசுங்க, இல்லன்னா தப்புன்னு மட்டும் சொல்லுங்க.

அப்போ ஹோம் டீமுக்கு சாதகமா கொடுக்கிறதும் பொய்யா?

அது பொய் இல்ல, ஆனா காசும் இல்ல, சத்தம். ஒரே மேட்ச் வீடியோவ ரெஃப்ரிகளுக்கு கூட்டத்தோட சத்தம் வச்சும் சத்தம் இல்லாமயும் போட்டு காட்டின ஆராய்ச்சி 2002-ல இங்கிலாந்துல வந்துச்சு, சத்தம் கேட்டவங்க ஹோம் டீம் மேல கம்மியா ஃபவுல் கொடுத்தாங்க. கொரோனா சமயத்துல காலி ஸ்டேடியத்துல ஆடினப்போ வெளியூர் டீமுக்கு கார்டு அதிகமா வர்ற வழக்கமும் குறைஞ்சுது. டைவ் அடிக்கிறவனுக்கும் இது தெரியும், சொந்த ஊர்ல விழுந்தா அவனோட சேந்து மொத்த ஸ்டேடியமும் கத்தும்.

மேட்ச் முடிஞ்சு வீடியோ பாத்து தடை போடலாமே?

போட்டிருக்காங்க. 2017-18 சீசன்ல இங்கிலாந்துல மூணு பேர் குழு வீடியோ பாத்து மூணு பேரும் ஒத்துக்கிட்டா ரெண்டு மேட்ச் தடைன்னு கொண்டு வந்தாங்க, ப்ரீமியர் லீக்ல முதல்ல மாட்டினது எவர்ட்டன் வீரர் ஊமர் நியாஸ். அதுக்கு முன்னாடி 2009-ல செல்டிக் மேட்ச்ல பெனால்டி வாங்கின ஆர்சனல் வீரர் எடுவார்டோவுக்கு யுஇஎஃப்ஏ (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்) தடை போட்டுட்டு, அப்பீல்ல அதையே தூக்கிடுச்சு, ஏன்னா ஏமாத்துற நோக்கத்த நிரூபிக்கிறது அவ்ளோ கஷ்டம். என்னக் கேட்டா இந்த முறைதான் சிறந்தது, ரெஃப்ரிக்கு அந்த நொடியில இல்லாத நேரம் இந்த குழுவுக்கு இருக்கு.

விழுந்தவனே 'ஃபவுல் இல்ல சார்'னு சொன்னா ரெஃப்ரி மாத்துவாரா?

ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கலன்னா மாத்தலாம். 2014-ல ஜெர்மனில வெர்டர் ப்ரெமன் ஆரோன் ஹன்ட் தான் நடிச்சத ரெஃப்ரிகிட்டயே சொன்னாரு, பெனால்டி ரத்து. 2012-ல லாட்சியோவுக்கு ஆடின க்ளோசா கையில பட்டு போன கோல தானே ஒத்துக்கிட்டாரு. ஆனா 1997-ல ஆர்சனலுக்கு எதிரா லிவர்பூல் வீரர் ராபி ஃபவுலர், கீப்பர் சீமன் என்னத் தொடவே இல்லன்னு கையாட்டி சொல்லியும் ரெஃப்ரி பெனால்டியில உறுதியா நின்னாரு. ஃபவுலர் அடிச்சத சீமன் தடுக்க, திரும்பி வந்த பந்த மெக்காடீர் கோலாக்கினாரு.

மாரடோனா கையால போட்டா கடவுள் கை, மத்தவன் விழுந்தா மட்டும் திருடனா?

நியாயமான கேள்வி. 1986 ஜூன் 22-ல இங்கிலாந்துக்கு எதிரா அவர் கையால தட்டினது அப்பட்டமான ஏமாத்து, துனிசியா ரெஃப்ரி பென்னாசரும் பாக்கல, லைன்ஸ்மேனும் கொடி தூக்கல. நாலு நிமிஷத்துல அதே ஆள் பாதி இங்கிலாந்து டீம தாண்டி போட்ட கோல் அந்த தப்ப மூடிடுச்சு, ஃபாக்லாந்து போர் முடிஞ்சு நாலே வருஷம்ங்கிறதால அர்ஜென்டினாக்காரங்களுக்கு அது வேற உணர்ச்சி. 2009-ல பிரான்ஸ் வீரர் ஹென்றி கையால பந்த நிறுத்தி, சக வீரர் கலாஸுக்கு கொடுத்து அயர்லாந்த வெளிய அனுப்பினப்போ அந்த மாதிரி மூட எதுவும் இல்ல, அதனால திட்டு மட்டும் மிஞ்சுச்சு. நான் மாரடோனாவ உயிரா நேசிக்கிறவன், அந்த முதல் கோல் திருட்டுதான்.

விழாம ஓடினா ஃபவுல் கொடுக்க மாட்டேங்கிறாங்க, அப்புறம் விழுறவன ஏன் திட்டணும்?

இதுதான் இருக்கிறதுலயே சரியான கேள்வி. ஃபவுலுக்கு கீழ விழணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல, ஆனா சட்டைய பிடிச்சு இழுத்தும் விழாம ஓடி தடுமாறி ஷாட் வெளிய போனா பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது. 2014-ல மெக்சிகோவுக்கு எதிரா கடைசி நிமிஷத்துல நெதர்லாந்து வீரர் ராபன் விழுந்தத இப்படித்தான் பாக்கணும். மெக்சிகோ வீரர் மார்க்கேஸ் கால் பட்டது நிஜம், ராபன் விழுந்த விதம் மிகை, ரெண்டும் சேந்து பெனால்டி ஆச்சு. முதல் பாதியில ஒரு தடவை டைவ் அடிச்சத அவரே மேட்ச் முடிஞ்சு ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டாரு, பெனால்டி மட்டும் நிஜம்னாரு. 'அது பெனால்டி இல்ல'ங்கிறத மெக்சிகோ ஒரு கோஷமாவே ஆக்கிடுச்சு.

நெய்மர் கதையும் இதேதான். 2018-ல உருண்டதுக்கு உலகமே சிரிச்சுது, ஆனா 2014-ல கொலம்பியா மேட்ச்ல கொலம்பியா வீரர் சூனிகா முட்டிய நெய்மர் முதுகுல இறக்கி முதுகெலும்புல ஒரு எலும்பு உடைஞ்சப்போ ஒரு மஞ்ச கார்டு கூட வரல. வலிச்சா கத்தினாதான் கேப்பாங்கன்னு ஒருத்தன் கத்துக்கிட்டா அதுல ரெஃப்ரிக்கும் பங்கு இருக்கு. விழாம நின்னவனுக்கு ஃபவுல் கொடுக்க ஆரம்பிச்சா டைவிங் பாதி குறையும்னு நான் நம்புறேன், இது என் கருத்து.

என் பையன் கோச்சிங் போறான், பாக்ஸுக்குள்ள டச் ஆனா விழுந்துடுன்னு கோச்சே சொல்றாராம். என்ன பண்றது?

கோச்சுகிட்ட நேராவே பேசுங்க. லோக்கல் டோர்னமென்ட்ல வார் கிடையாது, ஆனா அதே நாலஞ்சு ரெஃப்ரிதான் சுத்தி சுத்தி வருவாங்க, ஒரு தடவை நடிச்சு பேர் வாங்கிட்டா அடுத்து நிஜமா கால் அடிபட்டாலும் விசில் வராது.

பையனுக்கு அட்வான்டேஜ் சைகைய சொல்லிக் கொடுங்க. ரெஃப்ரி கைய முன்னாடி நீட்டினா ஃபவுல பாத்துட்டாருன்னு அர்த்தம், ஓடிக்கிட்டே இருக்கணும், சில நொடிக்குள்ள அந்த வாய்ப்பு வீணா போனா திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுக்கலாம். இது தெரியாமதான் நிறைய பசங்க ஓட வேண்டிய நேரத்துல விழுந்துடுறாங்க.